மேட்டுப் பல், ஓட்டப் பல்

கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்களையும் வைத்திருந்தோம். மண்ணெண்ணெயில் கழுவி, பழந்துணியால் துடைத்து, வெயில் படும்படி. செல்லூரில் எங்கள் ஷெட்டின் தகரக் கூரையில் ஒரு ஓட்டை உண்டு. அது வழியாக வெயில் விழும் இடம் அந்தச் சாக்கு மட்டும்தான். பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. சோலைமலை மச்சான் குத்தவைத்து உட்கார்ந்து இதை எடுப்பார், பல்லைத் தடவுவார், வைப்பார். பிறகு அதை எடுப்பார். காலையிலிருந்து இதே வேலை.

"மச்சான், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கிட்டே இருந்தா எப்புடி? ஒண்ணச் சொல்லுங்க, மாட்டிருவோம்" என்றேன்.

"இரு மாப்ள. மாட்டுறது நீ. ஓட்டுறது நான்ல."

சோலைமலை மச்சான் என் அக்கா பேச்சியம்மாளின் புருஷன். திருமங்கலத்தில் பஞ்சு அரவை ஆலை வைத்திருந்த ஒருவரிடம் டிரைவர். நான் ஷெட்டில் மெக்கானிக். போன வாரம் இந்தப் பத்தியில் போகிறபோக்கில், எங்கள் ஷெட்டில் ஒரு பந்தயக் காரும் நின்றது என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அது என்ன கதை என்று தெரிந்தவர்கள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிய பிறகு மழுப்புவது எனக்குப் பிடிக்காது.

பல் கணக்கு

மோட்டார் ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காரின் பின் அச்சுக்கு நடுவில் இரும்புக் குடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் தட்டு மாதிரி ஒரு பெரிய பல்சக்கரம், அதைக் கடித்துக்கொண்டு ஒரு சின்னப் பல்சக்கரம். பெரியது கிரவுன், சின்னது பினியன். பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, முன்னாலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை இந்த ஜோடிதான் முடிவு செய்யும்.

எங்களிடம் இருந்த ஒரு ஜோடி மூணே முக்கால். இன்னொன்று நாலே முக்கால். ஒரு சுற்றுத்தானே வித்தியாசம் என்று நினைப்பீர்கள். அந்த ஒரு சுற்றில் காரின் குணமே மாறிவிடும். மூணே முக்கால் போட்டால் கார் மெல்லக் கிளம்பும், வேகம் பிடித்துவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். நாலே முக்கால் போட்டால் மணலிலும் மேட்டிலும் இழுத்துக்கொண்டு ஏறும். நல்ல ரோட்டில் முக்கும், கத்தும், ஓடாது. ஷெட்டில் நாங்கள் முதலாவதை ஓட்டப் பல் என்றும் இரண்டாவதை மேட்டுப் பல் என்றும் சொல்வோம். இரண்டுக்கும் நடுவாந்திரமாக ஒன்று பம்பாயில் கிடைக்கும் என்றார்கள். எழுதிப் போட்டால் வந்துசேர மாசக்கணக்காகும். பந்தயமோ மாசியில்.

பங்காளிகளின் பொழுதுபோக்கு

பந்தயம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். மச்சானின் முதலாளியான ஆலைக்காரருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோயிற்று. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் ரோட்டில் கார் விட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது. மானம் அவர்களுடையது, கழுத்து டிரைவர்களுடையது. அப்போதும் எனக்கு அது எரிச்சல்தான். இப்போதும் நினைத்தால் வாயில் நல்ல வார்த்தை வராது.

திருமங்கலத்தைத் தாண்டி மதுரைப் பக்கமாக ஒரு ஓடை குறுக்கிடும். பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. மணலில் இறங்கி, எதிர்க்கரை மேட்டில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் பசுமலை அடிவாரம் வரை நேர் ரோடு. இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஓடைக்கு இந்தக் கரையில் ஆரம்பம், பசுமலையில் முடிவு.

அதனால்தான் மச்சானுக்கு அந்தக் குழப்பம். ஓடைக்கு மேட்டுப் பல் வேண்டும். ரோட்டுக்கு ஓட்டப் பல் வேண்டும். கார் ஒன்று.

முந்தின வருஷம் ஓட்டப் பல்லோடு போனார். மணலில் பின் சக்கரம் புதைந்து, உறுமி உறுமி அங்கேயே நின்றுவிட்டது. தோற்றுப்போய், முதலாளியிடம் கேட்கக் கூடாத பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தார். எதிர்க்காரின் டிரைவர் ஓடையைத் தாண்டிப் பறந்தார். பறந்தவர் பாதி வழியில் ஒரு புளியமரத்தில் மோதி அங்கேயே முடிந்தார். நல்ல மனிதர். எங்கள் ஷெட்டுக்கு வந்தால் டீயை ஆற்றாமல் அப்படியே குடிப்பார். அந்த மரத்தில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் அதை எட்டிப் பார்ப்பார்கள்.

என் அக்காவும் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புத்தான். மச்சான் அந்த ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது.

போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். மச்சான் கேட்கவில்லை. முதலாளி சொல்லி மாட்டேன் என்றால் வேலை இல்லை. அதைவிட, மணலில் புதைந்த மனுஷன் என்று திருமங்கலத்துக் கடைகளில் சிரித்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளையும் சிவப்பும்

"ஏன்டா, இதுல எது மெதுவாப் போகும்?" என்று அக்கா என்னைக் கேட்டாள். மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாக்கின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தா, நாலே முக்கால். மேட்டுப் பல். இதப் போட்டா இன்ஜின் அம்புட்டுக் கத்து கத்தும், ஆனா காரு ஓடாது."

அவள் காதில் ஓடாது என்பது மட்டும்தான் விழுந்தது. கத்தும் என்பது விழவில்லை. இன்ஜின் ஏன் கத்தும், கத்தினால் என்ன ஆகும் என்று ஒரு டிரைவர் பெண்டாட்டி எதற்காகக் கேட்கப்போகிறாள்?

மச்சானிடம் நான் தெளிவாகவே சொன்னேன். "மச்சான், மேட்டுப் பல் போட்டு ரோட்டுல எதிர்க்காரோட மல்லுக்கு நிக்காதீங்க. இது அம்புட்டு வேகமாச் சுத்துற இன்ஜின் இல்ல. உள்ள பிஸ்டனத் தள்ளுற ராடு தாங்காது, ஒடிஞ்சிரும்."

"ஓட்டப் பல் போட்டா மணல்ல நிக்கும்."

"நிக்கட்டுமே. நின்னா என்ன? தோத்தா தலையா போயிரும்?"

அவர் மறுபடியும் பல்லைத் தடவ ஆரம்பித்தார். சாயங்காலம் வரை முடிவாகவில்லை. கடைசியில், "பூக் கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் இது வழக்கம். வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் அம்மன் கோயில். கிணறு வெட்டுவதா, மாடு வாங்குவதா, பெண் கொடுப்பதா, எதுவானாலும் சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிச் சன்னதியில் வைப்போம். ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோம். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்பது. எடுக்காததைப் பிரிக்கக் கூடாது. அம்மன் வேண்டாம் என்று ஒதுக்கியதை மனிதர்கள் பார்க்கக் கூடாதாம். அதைக் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

பின் அச்சுப் பல்லுக்குப் பூக் கட்டிப் பார்த்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. சிவப்பு என்றால் மேட்டுப் பல், வெள்ளை என்றால் ஓட்டப் பல் என்று பேசிவைத்து வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். பொட்டலங்களை அக்காதான் வீட்டிலேயே கட்டி எடுத்துவந்தாள். பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் செவ்வரளி.

மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா மெதுவாப் போகச் சொல்றா" என்றார். அவர் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு. மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வருகிறேன் என்று அக்கா பின்பக்கமாகப் போனாள்.

மறுநாள் நாலே முக்காலை மாட்டினேன். மூணே முக்காலுக்கு கிரீஸ் தடவி அதே சாக்கில் சுற்றி மூலையில் வைத்தேன்.

கேட்டது

பந்தயத்தன்று நான் ஓடையின் எதிர்க்கரையில் நின்றேன். கார் மணலில் இறங்கியதும் ஏறியதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. என்ன அழகாக ஏறியது தெரியுமா. எதிர்க்கார் மணலில் தடுமாறி ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தது. மச்சான் என்னைத் தாண்டும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். கரை மேல் நின்றவர்கள் எல்லாம் துண்டை வீசினார்கள். நானும் வீசினேன்.

அதோடு நின்றிருக்கலாம். எதிர்க்கார் பின்னால் வந்து நெருங்கும்போது விட்டுக் கொடுத்திருக்கலாம். அம்மன் மெதுவாகப் போகச் சொன்னாள் என்று அவர்தானே சொன்னார். ஆனால் முன்னால் போய்க்கொண்டிருக்கிறவனுக்கு அது எப்படி முடியும்?

புழுதியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில்தான் கேட்டது. இன்ஜின் கத்துகிறது. அதற்கு மேல் கத்த முடியாது என்று நினைத்தேன், அதற்கு மேலும் கத்தியது. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பிறகு அண்டாவைக் கீழே போட்டது மாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு எதிர்க்காரின் சத்தம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். ராடு உடைந்து இன்ஜினின் பக்கவாட்டைப் பொத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின் சக்கரம் இறுகி, கார் வழுக்கி, ரோட்டோரக் கரிசல் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது. ரோடெல்லாம் சூடான எண்ணெய் வாடை. மச்சானின் வலது கால் முழங்காலுக்குக் கீழே காருக்கு அடியில். "மாப்ள, காலு இருக்கா பாரு" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

முதலாளி ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "இன்ஜின் போச்சா?" என்றார். அவரிடமிருந்து வந்த முதல் வார்த்தை அது. இரண்டாவது வார்த்தைக்கு நான் காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி மரத்தடி

மதுரை ஆஸ்பத்திரியில் கால் சில நாள் தாங்கியது. பிறகு விரல்கள் கறுத்தன. கட்டைப் பிரிக்கும்போது வந்த வாடையை எழுத மாட்டேன். அந்த வார்டு டாக்டர் நல்ல மனிதர். என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னைக்கு முழங்காலுக்கு மேல எடுத்துட்டா உசுரு மிஞ்சும். நாளைக்கு என்னால அதச் சொல்ல முடியாது" என்றார்.

மச்சானிடம் சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, நம்ம கோயிலுக்குப் போயி பூக் கட்டிப் பாத்துட்டு வா. செவப்பு வந்தா வெட்டட்டும். வெள்ள வந்தா வேணாம். போன தடவ அவ மெதுவாப் போகச் சொன்னா, நான் மீறிட்டேன். இந்தத் தடவ என்ன சொன்னாலும் மீற மாட்டேன்."

அக்காவும் நானும் வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அவள் நின்றுவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெற்றிலைப் பொட்டலம். இலை காய்ந்து சருகாகியிருந்தது. நூலைப் பிரித்துக் காட்டினாள். வாடிப்போன செவ்வரளி.

"கெணத்துல போடலடா. பயமா இருந்துச்சு. ரெண்டுலயும் செவப்புத்தான் வச்சுக் கட்டுனேன். அவுக மெதுவாப் போகணும்னு கட்டுனேன்."

எனக்கு உடனே கோபம் வரவில்லை. மனசு வேறு பக்கம் ஓடியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, போனது போச்சு. இப்பயும் அதையே செய்யி. ரெண்டுலயும் செவப்பு வையி. கால எடுத்துரலாம், ஆளு மிஞ்சிருவாரு."

"மாட்டேன்."

"அக்கா, ஒரு கால்தான்க்கா."

"சாமி பேச வேண்டிய எடத்துல நான் பேசிட்டேன்டா. அதுக்குத்தான் அவுக காலு இப்புடிக் கெடக்கு. திரும்பவும் பேசச் சொல்றியா? என்ன போகுமோ யாருக்குத் தெரியும்?"

"டாக்டர் சொல்றாருல்ல."

"நீயுந்தான் சொன்ன, ஓடாதுன்னு."

பஸ்ஸில் வாடிப்பட்டி வரை கெஞ்சிக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். கோயிலில் என் கண்முன்னாலேயே ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று கட்டினாள். அதே பேத்தி வந்தது. எடுத்தது. நந்தியாவட்டை.

நான் அந்த வெள்ளைப் பூவைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தேன். சிவப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியும் என்றேன். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டாள். இந்த முறை நானும் கூடவே போய்ப் பார்த்தேன். அது மிதந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அவளுக்கு முன்னால் உள்ளே போய் மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதல் தடவை இரண்டிலும் சிவப்புத்தான், அது அம்மன் சொன்னது இல்லை, அக்கா கட்டியது என்று. டாக்டர் பேச்சைக் கேளுங்கள் என்று அவர் காலைப் பிடிக்கப் போய், எந்தக் காலைப் பிடிப்பது என்று தெரியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஜுரத்தில் அவர் உதடு வெடித்திருந்தது. சிரித்தார்.

"என்னைய வெட்டிக்க வைக்கிறதுக்கு நீ கத கட்டுற மாப்ள. பேச்சி அப்புடிச் செய்யிறவ இல்ல."

அக்கா உள்ளே வந்தாள். "என்னத்தா வந்துச்சு?" என்றார்.

"வெள்ள" என்றாள்.

டாக்டர் வந்து சத்தம் போட்டார். பிறகு கெஞ்சினார். மச்சான் இணங்கவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். என் அக்கா மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. முதல் பொய்க்காக அல்ல. இரண்டாவது தடவை சொன்ன உண்மைக்காக. அதை நினைக்காமல் நான் ஒரு செவ்வரளிச் செடியைத் தாண்டியதில்லை.

சாக்கு மூட்டை

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் அவள் ஷெட்டுக்கு வந்தாள். மச்சானின் காக்கிக் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப்போக வந்திருந்தாள். தறிச் சத்தம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. கோட்டை எடுத்தவள் மூலையில் கிடந்த சாக்கைப் பார்த்தாள். கிட்டே போய், காலால் லேசாகத் தள்ளி விரித்தாள். கிரீஸ் பூசிய மூணே முக்கால்.

"மத்தது இதானே?"

"ஆமாக்கா."

"இத மாட்டியிருந்தா அவுக இருந்திருப்பாகளா?"

எனக்குப் பதில் தெரியும். இதை மாட்டியிருந்தால் கார் போன வருஷம் மாதிரியே மணலில் புதைந்திருக்கும். மச்சான் தோற்றிருப்பார். முதலாளியிடம் வசவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருப்பார்.

"இல்லக்கா. இத மாட்டியிருந்தா அந்தப் புளியமரத்துலதான் போயி மோதியிருப்பாரு. அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எதப் போட்டாலும் இதான் நடந்திருக்கும்."

"எதப் போட்டாலுமா?"

"எதப் போட்டாலும்."

அவள் கோட்டை உதறி, நாலாக மடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் ரெண்டுலயும் செவப்பத்தான்டா வச்சுக் கட்டுற" என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.